மேலே ஏறிய மூன்று பேர்

ஜூன் 2

டேய் ஆணி,

அப்படிக் கூப்பிடாதீங்கன்னு கொட்டை எழுத்துல எழுதி, அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்க. சரிடா, கூப்பிடல. முதல் வரி மட்டும் வாய் தவறி வந்துருச்சு. அடிச்சா தாள் அசிங்கமாயிடும்னு உங்க அண்ணி சொல்றா.

அண்ணி எங்க இதுக்குள்ள வந்தான்னு பாக்குறியா? எழுதுறது அவதான். என் வலது மணிக்கட்டுல மாவுக்கட்டு. குளியலறை ஈரத்துல வழுக்கிட்டேன். பதினேழு சீசன்ல எதிராளி யாரும் பக்கத்துல இல்லாம நான் விழுந்தது இதான் முதல் தடவை. ரெஃப்ரி இருந்திருந்தா நடிக்கிறான்னு மஞ்ச அட்டை காட்டியிருப்பார். ஆறு வாரம் கட்டு இருக்கணுமாம். அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கை நல்லா இருந்தாலே என் எழுத்து எறும்புக் கூட்டத்த மிதிச்ச மாதிரி இருக்கும். அதனால நான் சொல்லச் சொல்ல அவ எழுதுறா. கோர்ட்டுல முப்பது வருஷம் சாட்சிங்க சொன்னத எழுதினவ, தெரியும்ல. சொன்னத மாத்தவும் மாட்டா, விடவும் மாட்டா. நான் இருமினாக்கூட எழுதிடுவாளோன்னு பயந்துக்கிட்டு அடக்கி வச்சிருக்கேன்.

உன் கடிதத்த அவகிட்ட காட்டல. பூதக்கண்ணாடி வச்சு எழுத்துக்கூட்டி நானே படிச்சேன். பன்னெண்டு வருஷம் கழிச்சு அண்ணனுக்கு ஒரு கடிதம் போடுற, உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. எடுத்த எடுப்புலயே சண்டை.

நான் என்னடா பண்ணிட்டேன்? கிளப்புக்கு எழுபத்தஞ்சு வருஷம் ஆகுது, புத்தகம் போடுறாங்க. புத்தகக்காரர் வீட்டுக்கு வந்தார், டீ குடிச்சார், அந்த ஃபைனல் பத்திக் கேட்டார். ஊர் உலகத்துக்கே தெரிஞ்சதத்தான் சொன்னேன். ஸ்கோர் சைபருக்கு சைபர், மேட்ச் முடிய ரெண்டே நிமிஷம். நாங்க எல்லாம் மேல ஏறினோம், லெஃப்ட் பேக்ல நின்ன என் கூடப் பொறந்தவன் மட்டும் ஆணியடிச்ச மாதிரி அப்படியே நின்னான், எதிராளி அவனத் தாண்டி ஓடி கோல் போட்டான், கப் போச்சு. மறுநாள் பேப்பர்க்காரன் உனக்கு ஆணின்னு பேரு வச்சான். நானா வச்சேன்? அந்தப் பக்கத்துக்கு ‘ஆணி’ன்னே தலைப்பு போடுறேன்னார் புத்தகக்காரர். நல்லா இருக்குன்னேன். நல்லாத்தானே இருக்கு.

எவனும் என்னைத் தாண்ட முடியாதுன்னு என்னைப் பூட்டுன்னு கூப்பிடுறாங்க. நான் கோவிச்சுக்கிட்டேனா? ஸ்டேடியத்துல மூணாம் நம்பர் கேட்டுக்கு மேல என் படத்த மாட்டி, அடியில ‘பூட்டு’ன்னு எழுதி வச்சாங்க. பூட்டு மாட்டுற இடம்னு நெனச்சு புது வாட்ச்மேன் தினமும் என் தாடைக்குக் கீழ ஒரு பூட்டத் தொங்க விடுறான். நான் அதயும் சிரிச்சுக்கிட்டே பாத்துட்டு வரேன்.

நீ எல்லாத்துக்குமே லேட்டுடா. பொறந்ததே பத்து நாள் லேட்டுன்னு அம்மா சொல்லும். கோவப்படுறதும் முப்பத்தெட்டு வருஷம் லேட்டா வருது.

கையும் காலும் உள்ள வரைக்கும்,
உன் அண்ணன்


ஜூன் 6

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கை சீக்கிரம் குணமாகட்டும்.

அண்ணியின் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கிறது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் கையெழுத்து எனக்கு வருவது இதுவே முதல் முறை. அதிலும் முதல் வரி ஆணி.

உங்கள் பட்டப்பெயர் கேட்டுக்கு மேலே தொங்குகிறது. என் பட்டப்பெயர் எங்கே தொங்கியது என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஃபைனல் முடிந்து பத்தாம் நாள் கிளப் என்னை இந்த ஊர் இரண்டாம் டிவிஷன் டீமுக்கு விற்றது. இங்கே ஏழு மாதம் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்து உடம்பைச் சூடாக்க ஓடினால் போதும், கூட்டத்தில் யாராவது சுத்தியல் அடிப்பதுபோல் தட்டுவார்கள். எட்டாம் மாதம் டீமிலிருந்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது.

பிறகு இருபத்தேழு ஆண்டுகள் டிரைவிங் ஸ்கூலில் வேலை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எனக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு, அடுத்தவர்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். கற்றுக்கொள்ள வருபவர்கள் முதல் இரண்டு நாள் ‘சார்’ என்பார்கள். மூன்றாம் நாள் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு வருவார்கள். ‘நிறுத்துங்க’ என்று நான் சொல்லும்போது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார்கள். வண்டியின் பேனட்டில் யாரோ ஓர் ஆணியை வரைந்திருந்தார்கள், ஆணியாலேயே. முதலாளி இரண்டு முறை பெயிண்ட் அடித்தார். மூன்றாம் முறை அப்படியே விட்டுவிட்டார்.

அந்தத் தலைப்பை எடுக்கச் சொல்லுங்கள் என்றுதான் முதல் கடிதத்தில் கேட்டேன். நீங்கள் நல்லா இருக்கு என்கிறீர்கள்.

இன்னொன்று உண்டு. புத்தகக்காரர் எனக்கு ஒரு கட்டுப் புகைப்படங்கள் அனுப்பியிருக்கிறார். இறந்துபோன பத்திரிகைப் புகைப்படக்காரர் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தவையாம். மொத்தம் நாற்பத்தொன்று. முகங்களைப் பார்த்துப் பின்பக்கம் பெயர் எழுதித் தரவேண்டும். அதில் ஒன்று ஃபைனலின் எண்பத்தெட்டாவது நிமிடம். அதைப் பார்த்த பிறகுதான் உங்களுக்குக் கடிதமே எழுதினேன். முதல் கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. நீங்களாகச் சொல்வீர்களா என்று இன்னொரு முறை பார்த்தேன்.

தம்பி


ஜூன் 9

என்னடா இது, போலீஸ்காரன் மாதிரி எழுதுற? ‘அதில் ஒன்று எண்பத்தெட்டாவது நிமிடம்.’ பயந்துட்டேன் போ.

அந்த ஃபோட்டோக்காரர எனக்கு நல்லாத் தெரியும். வாழ்நாள் பூரா ஒத்தக் கண்ண மூடிக்கிட்டே உலகத்தப் பாத்த மனுஷன். கோல் விழுந்தப்ப ஃபிலிம் மாத்திக்கிட்டு இருப்பார், கோல்கீப்பர் தண்ணி குடிச்சா படபடன்னு எடுப்பார். என் கல்யாண ஃபோட்டோல எனக்குப் பாதி தலைதான் இருக்கு. அந்தப் பாதியத்தான் கட்டிக்கிட்டேன்னு உங்க அண்ணி இன்னும் சொல்றா. இத எழுதும்போது சிரிக்கிறா பாரு.

ஃபோட்டோல கால் ஒரு இடத்துல இருக்கும், கால் நொடியில அது வேற இடத்துக்குப் போயிருக்கும். நீ டிரைவிங் சொல்லிக்கொடுத்தவன்தானே? ஓடுற வண்டிய ஃபோட்டோ எடுத்து, பாரு வண்டி நிக்குதுன்னு சொன்னா ஒத்துக்குவியா?

இடையில ஒரு கூத்து. உங்க அண்ணி பேனாவ நிறுத்திட்டு, “மேல ஏறுறதுன்னா என்ன? படியா?”ன்னு கேக்குறா. கல்யாணமாகி நாப்பத்தஞ்சு வருஷம், என் ஜெர்சியில இருந்த சேறு பூரா துவைச்சவ, ஆஃப்சைடுன்னா என்னன்னு இன்னைக்குத்தான் கேக்குறா. மேசையில நாலு டம்ளர வரிசையா வச்சுச் சொல்லிக்கொடுத்தேன். இந்த நாலும் நம்ம டிஃபென்ஸ். எதிராளிக்குப் பந்த அடிக்கிற நொடியில அவன் இந்த வரிசையத் தாண்டி நம்ம கோல் பக்கம் நிக்கக் கூடாது. நின்னா ஆஃப்சைடு, கொடி தூக்குவாங்க, விசில். அதனால அவங்க பந்த அடிக்கப் போற நேரம் பாத்து, நான் கையத் தூக்கி ‘ஏறு’ன்னு கத்துவேன். நாலு டம்ளரும் ரெண்டு அடி முன்னால போகும். அவன் மட்டும் பின்னால தனியா மாட்டிக்குவான். நாலுல ஒரு டம்ளர் பின்தங்கினாலும் கதை முடிஞ்சுது. அவன் ஆஃப்சைடு இல்ல. கோலுக்கு நேரா ராஜபாட்டை.

“கத்துறது எப்பவும் நீங்கதானா?”ன்னா. ஆமா, நடுவுல நிக்கிற ஸ்டாப்பர்தான் கத்தணும். “அப்ப மத்த மூணு பேரும் உங்க வார்த்தைய நம்பி, பின்னால இருக்கிற இடத்த அம்போன்னு விட்டுட்டுப் போறாங்க.” ஆமாடி, அதான் ஆட்டம்னேன். டம்ளர ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. கோர்ட்டுல இவள எழுத உக்கார வச்சதுக்குப் பதிலா கேள்வி கேக்க விட்டிருக்கணும்.

அதனால தம்பி, படத்த வச்சுக்கிட்டு மனசப் போட்டுக் குழப்பிக்காத. எனக்கு எழுபத்தொண்ணு, உனக்கு அறுபத்தாறு. எனக்கு மூக்கு மூணு தடவை உடைஞ்சிருக்கு, அதுல ஒண்ணு நம்ம கோல்கீப்பர் குத்தினது. முன்பல்லு நாலு சொந்தமில்ல. காலையில கட்டில்ல இருந்து எழுந்திரிக்கிறதுக்கு நான் போடுற சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க மணி பாத்துக்கிறாங்க. நமக்கு இனிமே எதுக்குடா ஃபைனல்?

அண்ணன்


ஜூன் 12

அண்ணனுக்கு,

படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

அவர் பக்கவாட்டுக் கோட்டருகே, நம் வரிசைக்கு நேராக உட்கார்ந்து எடுத்திருக்கிறார். வலது ஓரத்தில் எதிராளியின் கால் பந்தில் பட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் இது எந்த நொடி என்பதில் சந்தேகமில்லை. புல்லில் பட்டை பட்டையாக வெட்டிய அடையாளம் தெரிகிறது. ரைட் பேக், இன்னொரு ஸ்டாப்பர், நான், மூன்று பேரும் ஒரே பட்டையின் விளிம்பில் இருக்கிறோம். நீங்கள் ஒரு பட்டை பின்னால் இருக்கிறீர்கள். உங்கள் வலது கை மேலே உயர்ந்திருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. ஏறு என்று சொல்கிறீர்கள்.

புத்தகக்காரருக்கு இது தெரியாது. அவருக்கு முகங்கள்தான் தேவை. கால்களை அவர் பார்க்கவில்லை.

எனக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. அன்றே பார்த்தேன். ஏறிவிட்டு, கொடிக்காகத் திரும்பியபோது நீங்கள் எனக்குப் பின்னால் நின்றீர்கள். கொடி எழவில்லை. கோல் விழுந்தது. அவன் என் பக்கமாக ஓடியதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை, அதற்கு முன்னால் நீங்கள் கையை நீட்டி என்னைக் காட்டினீர்கள். அதன் பிறகுதான் பார்த்தார்கள்.

டிரெஸ்ஸிங் ரூமில் கோச் கேட்டார், “யார் நின்னது?” உங்கள் நினைவில் இருக்கும். எதிர்ச்சுவரில் ஒரு குழாய் சரியாக மூடாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. நீங்கள் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார், இந்த முடிச்சு அவிழ்ந்ததும் சொல்வார் என்று. நீங்கள் நிமிர்ந்து சொன்னீர்கள், “விடுங்க சார். சின்னப் பையன்.”

எனக்கு இருபத்தெட்டு வயது, அண்ணே.

இதை வாழ்க்கையில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். கல்யாணமான மூன்றாம் ஆண்டு, என் மனைவியிடம். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “அண்ணன்மேல ஏங்க பழி போடுறீங்க, பாவம்” என்றாள். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவள் போய்விட்டாள், அதை நம்பாமலேயே. சாவுக்கு நீங்கள் வந்தீர்கள். வாசலில் நின்றவர்களிடம் பழைய மேட்ச் கதைகள் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுப் போனீர்கள். உள்ளே எனக்குக் கேட்டது.

புத்தகம் 20ஆம் தேதி அச்சுக்குப் போகிறது. அதற்குள் புத்தகக்காரருக்கு நீங்கள் ஒரு வரி எழுதவேண்டும். நின்றது நீங்கள் என்று. நான் எழுத மாட்டேன். படத்தைக் காட்டியும் சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் பின்பக்கம் நான்கு பெயர்களை மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன். நான் சொன்னால் அது தோற்றவன் சொல்லும் சாக்கு. நீங்கள் சொன்னால்தான் அது நடந்தது.

தம்பி


ஜூன் 14

தம்பி,

சரி. நின்னேன்.

போதுமா? முப்பத்தெட்டு வருஷமா இந்த ரெண்டு வார்த்தைக்குத்தானே காத்துக்கிட்டு இருந்த. உங்க அண்ணி என்னைப் பாக்குறா. எழுது, எழுது. அவன் ஃபோட்டோல பாத்துட்டானாம். மத்தத அப்புறம் பேசிக்கலாம்.

ஏன் நின்னேன்னு கேளு. முட்டி. இடது முட்டி. அந்த சீசன் பூரா அது என்கிட்ட இல்லடா, வாடகைக்கு எடுத்த முட்டி மாதிரிதான் இருந்துச்சு. டாக்டர்கிட்ட போனா விளையாடக் கூடாதும்பாரு. முப்பத்து மூணு வயசு ஸ்டாப்பர் ஒரு மாசம் வெளியில உக்காந்தா அந்த இடத்துக்கு இருபது வயசுக்காரன் வந்துடுவான். அப்புறம் அந்த இடம் நம்மகிட்ட திரும்பி வராது. அதனால மறைச்சு வச்சேன். குளியலறையில உக்காந்து உங்க அண்ணிதான் எலாஸ்டிக் கட்டு போட்டு விடுவா, நான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்பேன்.

“கட்டு போட்டது ஃபைனலுக்கு அடுத்த வருஷம். நம்ம பொண்ணு பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம்.”

இது உங்க அண்ணி. உன்ன யாரு கேட்டா? அத எழுதாத. எழுதாதன்னு சொன்னதயும் எழுதுறியே, என்ன பொம்பளடி நீ. வருஷம் முன்னப்பின்ன இருக்கும். வலி வலிதானே.

ஆக எண்பத்தெட்டாவது நிமிஷம், ஏறுன்னு கத்தினேன். மனசு ஏறுச்சு, முட்டி ஏறல. அவ்வளவுதான். இதுக்கு யாரு என்னடா பண்ண முடியும்? உள்ள வந்து கோச்சுகிட்ட முட்டின்னு சொன்னா அன்னைக்கே என் கதை முடிஞ்சுது. உனக்கு வயசு இருந்துச்சு, நீ தப்பிச்சுக்குவன்னு நெனச்சேன். உன்ன அந்தக் கிளப்புக்குக் கூட்டிட்டு வந்ததே நான்தானே. உன் முதல் பூட்ஸ் நான் போட்டுக் கழிச்சது. ஒரு தடவ அண்ணனுக்காகத் தாங்கிக்க மாட்டியா?

புத்தகக்காரருக்கு என்னத்த எழுதுறது? ‘ஐயா எனக்கு முட்டி வலி’ன்னா? மூணாம் நம்பர் கேட்டுல இருந்து என் படத்தக் கழட்டி அங்க உன் படத்த மாட்டவா போறாங்க? அந்த வாட்ச்மேனுக்குப் பூட்டுத் தொங்க விட வேற இடம் தேடணும், அவ்வளவுதான் மிச்சம். தலைப்ப மாத்தச் சொல்றேன், ஃபோன் பண்ணி. அதோட விட்டுரு.

அண்ணன்


ஜூன் 16

அண்ணனுக்கு,

அண்ணி எழுதியிருப்பதை நானும் படித்தேன். எனக்கும் அப்படித்தான் நினைவு. ஃபைனலில் உங்கள் முட்டிக்கு ஒன்றுமில்லை. கோல் போட்டவனைத் துரத்தி நீங்கள் ஓடிய ஓட்டம் நம் நான்கு பேரில் வேறு யாரும் ஓடாத ஓட்டம். கடைசியில் அவன் சட்டை உங்கள் கையில் சிக்கியது.

ஏன் நின்றீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. இப்போதும் கேட்கவில்லை. அதற்கு நீங்கள் தேடிப்பிடித்து ஒரு பொய் சொல்லியிருக்கிறீர்கள் என்பதால், உண்மை அதைவிட மோசம் என்று மட்டும் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. ஃபைனல் முடிந்த மறுவாரம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். மூன்றாவது மாடி. கதவு சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறந்தது. அண்ணியின் பாதி முகம் தெரிந்தது. நீங்கள் வீட்டில் இல்லை என்றார். உங்கள் பெரிய செருப்பு வாசலில் கிடந்தது. பிறகு அவர் சொன்னதை இங்கே எழுத விருப்பமில்லை. எழுதப்போவது அவர் கை என்றால், பதிலில் அவரே அதை எழுதவேண்டி வரும். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் நம்பினார்.

அன்று நான் சண்டைக்கு வந்ததாக நீங்கள் நினைத்திருப்பீர்கள். “பரவாயில்லை அண்ணே” என்று சொல்ல வந்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று மூன்று மாடி ஏறினேன். சொல்லியிருந்தால் இந்தக் கடிதங்கள் எதற்கும் வேலை இருந்திருக்காது. இப்போது அந்த வார்த்தை என்னிடம் இல்லை.

புகைப்படக் கட்டைத் தபாலில் சேர்த்துவிட்டேன். பின்பக்கம் பெயர்கள் மட்டும்.

தம்பி


ஜூன் 19

தம்பி,

உன் கடிதம் காலையில வந்துச்சு. ரெண்டு தடவ படிச்சேன். அப்புறம் ஷேவ் பண்ண உக்காந்தேன், இடது கையால. கன்னத்துல மூணு வெட்டு. இத ஒரு ஜோக்கா ஆரம்பிக்கலாம்னு பாத்தேன், வரல.

உங்க அண்ணிய உக்காரச் சொல்லியிருக்கேன். பேசாம எழுதுன்னு சொல்லியிருக்கேன்.

முட்டின்னு ஏன் சொன்னேன் தெரியுமா? முட்டின்னா மன்னிச்சுடுவாங்க. முட்டி யாரையும் கேவலப்படுத்தாது.

அன்னைக்கு முதல் பாதியில ரெண்டு தடவ நீ லேட்டா ஏறின. சும்மா அரை அடி, ஒரு அடி. ஒரு தடவ லைன்ஸ்மேன் அத கவனிக்காம கொடியத் தூக்கிட்டார், ஒரு தடவ அவன் அடிச்சது கம்பத்துல பட்டுச்சு. உன்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஆனா மனசுல விழுந்துருச்சு. இவன் லேட்டு, இவன் எப்பவும் லேட்டு, இவன் எனக்காகக் கிளப்புக்குள்ள வந்தவன், இவன் வரமாட்டான்னு. எண்பத்தெட்டாவது நிமிஷம் பந்த அடிக்கக் கால் போகுது. கையத் தூக்கினேன். ஏறுன்னு கத்தினேன். கத்திட்டு நான் ஒரு கால பின்னால வச்சேன். நீ வரலைன்னா அந்த ஓட்டைய மூடணும்ல. அதுக்கு.

நீ வந்துட்ட.

பக்கத்துல திரும்பிப் பாக்குறேன், நீ எனக்கு முன்னால நிக்குற. ரொம்ப சரியா. பதினேழு சீசன்ல அவ்வளவு சரியா எவனும் என் சத்தத்துக்கு ஏறினதில்ல. அவன் கோலப் பாத்து ஓடுறான், எனக்கு அது கூடப் பெருசாத் தெரியல. நீ வந்துட்டியேன்னுதான் தெரிஞ்சுது. அப்புறம்தான் துரத்தினேன். திரும்பி வரும்போது என் கை தானா நீண்டுச்சு. தானான்னு சொல்றது பொய். நீட்டினேன்.

உள்ள வந்து சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லலைன்னா, ஸ்டாப்பருக்குன்னு இருக்கிறது அந்தச் சத்தம் ஒண்ணுதான்டா. ஏறுன்னு கத்திட்டு அவனே ஏறலைன்னு தெரிஞ்சா, அடுத்த மேட்ச்ல எவன் என்னை நம்பி இடத்த விட்டுட்டுப் போவான்? முட்டி போனா ஒரு மாசம் உக்காந்தா சரியாயிடும். இது போனா நான் ஆளே இல்ல. அதான் கயித்த அவுத்துக்கிட்டே இருந்தேன். முடிச்சு எப்பவோ அவுந்துருச்சு. சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

இன்னொண்ணும் இருக்கு, அது உனக்குத் தெரியாது. மறுவாரம் கோச் என்னைத் தனியாக் கூப்பிட்டார். உன்ன வச்சுக்கலாமா வித்துடலாமான்னு கேட்டார். “தம்பின்னு பாக்காதீங்க சார், டீமுக்கு எது நல்லதோ அதப் பண்ணுங்க”ன்னேன். எழுந்து நின்னு என் கையப் பிடிச்சுக்கிட்டார். அடுத்த சீசன் கேப்டன் பட்டை எனக்கு வந்துச்சு. சொந்தத் தம்பியவே பாக்காத மனுஷன்னு நாலு பேரு மெச்சினாங்க. உங்க அண்ணி இந்தக் கதைய எத்தன வீட்டுல பெருமையாச் சொல்லியிருக்கா தெரியுமா? நான் பக்கத்துல உக்காந்து, அட விடும்மான்னு அடக்கமா சொல்லுவேன்.

“அப்போ அவர் ஏறினாரா?”

பேசாம எழுதுன்னு சொன்னேன்ல. சரி, கேட்டதயும் எழுதிட்ட. ஏறினான். அதத்தானே இவ்வளவு நேரமாச் சொல்றேன்.

“அன்னைக்குச் சங்கிலியப் போட்டுட்டுக் கதவத் திறன்னு சொன்னது நீங்க.”

ஆமா. கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன், உனக்குத் தெரியாதா?

“நான் அவர என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?”

இருக்கு. கூடப் பொறந்தவரயே கவுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தீங்கன்னு சொன்ன. இனிமே இந்தப் படி ஏறாதீங்கன்னு சொன்ன. அவன் இறங்கிப் போற சத்தம் மட்டும் கேட்டுச்சு, ஒவ்வொரு படியா. எனக்கு அப்போ, எல்லாத்தயும் சொல்லிட்டேன் இதயும் சொல்லிடுறேன், எனக்கு அப்போ நிம்மதியா இருந்துச்சு. வீட்டுலயே ஒருத்தி நம்புறா, இனிமே யாரும் கேக்க மாட்டாங்கன்னு.

ஏன் எழுந்திரிக்கிற? நின்னுக்கிட்டே எழுதினா கோணும், உக்காரு. முக்கியமானது இன்னும் வரல. புத்தகக்காரர் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் ஆபீஸ்ல இருப்பார், காலையில அச்சுக்குப் போயிடும். இது தம்பிக்கு. அவருக்குத் தனியா ஒரு தாள் எழுதணும், அதுக்குத்தான் உன்ன உக்கார வச்சேன். ஒரே வரி. நின்னது நான்னு. என் கை இருக்கிற லட்சணத்துக்கு நீ எழுதலைன்னா அத யாரு எழுதுவா? எங்க போற? மடிக்காத அத, இன்னும் முடியல. இங்க பாரு, அந்தப் பேனாவையாவது வச்சுட்டு